நட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நின்றது. பால், மாத்திரை என்று எதற்குப் போனாலும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே சைக்கிளை ஓட்டினேன். தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து முன்சக்கரத்தில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. அம்மியில் காய்ந்த மிளகாயை நுணுக்குகிற மாதிரி, கரகரவென்று. பழகின காதுக்கு அது உடனே புரிந்துவிடும்: சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிட்டது, உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகளான பால்ஸ் வெறும் இரும்பில் உருண்டுகொண்டிருக்கிறது.

முன்பு என்றால் தெருமுனை பாய் கடையில் விட்டிருப்பேன். "ஓவராயில் பண்ணிடுறேன், சாயங்காலம் வாங்க" என்பார், வேலை முடிந்துவிடும். அந்தக் கடை மூடி இரண்டு வருடமாகிறது. இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட அம்பத்தூரில்தான் நான் குடியிருக்கிறேன். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இந்த ஊரிலிருந்துதான் தெற்கே எல்லா ஊர்களுக்கும் போயின. இங்கேயே கூப்பிடு தூரத்தில் ஒரு சைக்கிள் கடை இல்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. சரி, நாமே செய்துகொள்வோம் என்று இறங்கியதில் ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சைக்கிளுக்கென்று தனியாக விற்கிற கருவிகள் மிகச் சிலதான் தேவைப்பட்டன. மற்ற எல்லாம் ஹார்டுவேர் கடையிலேயே கிடைத்தன. ஆனால் அங்கே என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

முதல் நாள் என்னிடம் இருந்தது, சைக்கிள் வாங்கும்போது கூடவே கொடுத்த தகட்டு ஸ்பேனர். எலும்புத் துண்டு மாதிரி வடிவம், அதில் வரிசையாக நாலைந்து அளவில் ஓட்டைகள். அதை முன்சக்கரத்தின் ஆக்ஸில் (அச்சு) நட்டில் மாட்டி அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு போய் விரல் முட்டி போக்ஸ் கம்பியில் இடித்தது. இன்னொரு தடவை அழுத்தினேன். மறுபடியும் வழுக்கியது. குனிந்து பார்த்தால், நட்டின் ஆறு மூலைகளில் இரண்டு வெள்ளையாக மழுங்கியிருந்தன.

அந்த மூலைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுக்க என்று சொன்னாலும் தப்பில்லை. ஸ்பேனர் நட்டில் கச்சிதமாக உட்கார்ந்தால் நாம் கொடுக்கிற பலம் தட்டையான பக்கங்களில் பரவி விழும். அரை மில்லிமீட்டர் லொடலொடவென்று இருந்தால் மொத்தப் பலமும் மூலையில் மட்டும் விழுந்து மூலையைச் சீவிவிடும். மழுங்கிய நட்டை அப்புறம் நல்ல ஸ்பேனரும் பிடிக்காது. உளி வைத்துத் தட்டியோ அறுத்தோதான் எடுக்க வேண்டும். சைக்கிள் பழுது பார்க்கிறேன் என்று இறங்குகிற பலரும் சைக்கிளை இன்னும் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மறுபக்கத்து நட்டு நல்ல நிலையில் இருந்தது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, சைக்கிளுக்கு ஒரு ஸ்பேனர் செட் வேணும்."

"செட்டு எதுக்கு தம்பி? எந்த நட்டைக் கழட்டணும், அதைச் சொல்லுங்க."

நட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் பின்னால் திரும்பாமலே கையை நீட்டி ஒரு ஸ்பேனரை எடுத்து, நட்டை அதன் வாயில் செருகி, ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினார். ஆடவே இல்லை. "பதினாலு பதினஞ்சு. உங்க நட்டு பதினஞ்சு. இந்தப் பக்கம் பதினாலு, சீட்டு போல்ட்டுக்கு வரும். வரலைன்னா பன்னெண்டு பதிமூணு. அதோட பத்து பதினொண்ணு, எட்டு ஒம்போது எடுத்துக்கோங்க. நாலே போதும்."

எட்டு ஸ்பேனர் கொண்ட செட் என்று விற்பதில் 6-7 தொடங்கி 20-22 வரை இருக்கும். சைக்கிளுக்கு அதில் பாதிதான் கைக்கு வரும். ஆக்ஸில் நட்டும் பெடலும் பெரும்பாலும் 15. பிரேக்கைப் பிடித்திருக்கிற நட்டு 10. கேரியர், மட்கார்டு போல்ட்டுகளுக்கு 8. எனக்கு உதிரியாகவே கொடுத்தார். நாசிக்கில் தயாராகும் தபாரியா ஸ்பேனர்கள். அடித்து உருவாக்கிய எஃகு, வாய்ப்பகுதி சீராக இருந்தது. அதே அளவில் பாதி விலைக்கும் வேறொன்று இருந்தது. இரண்டிலும் என் நட்டைச் செருகி ஆட்டிப் பார்த்தேன். விலை குறைந்தது நன்றாகவே ஆடியது. விரலில் தெரிகிற வித்தியாசம் அது, யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கூடவே 14-15-ல் ஒரு ரிங் ஸ்பேனரும் வாங்கினேன். ஆறு மூலைகளையும் சேர்த்துப் பிடிப்பதால், துருப்பிடித்து இறுகிய ஆக்ஸில் நட்டுக்கு அதுதான் நல்லது. இரண்டு ஸ்பேனர் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. நட்டும் போல்ட்டும் சேர்ந்த இடங்களில் ஒன்று தலையைப் பிடிக்க வேண்டும், இன்னொன்று நட்டைத் திருக வேண்டும். ஒரே அளவில் இரண்டு இல்லாததால்தான் நம் வீடுகளில் கட்டிங் பிளேயரைக் கொண்டுபோய் நட்டில் வைக்கிறோம். பிளேயர் கம்பி வெட்ட, கம்பி முறுக்க. அதை நட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஸ்க்ரூ ஸ்பேனரும் அவசரத்துக்குத்தான். வாயை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தும்போது கொஞ்சம் திறந்துகொடுத்துவிடும்.

கியர் சைக்கிள் என்றால் ஸ்பேனரைவிட, போல்ட் தலையின் அறுகோணக் குழிக்குள் செருகித் திருகும் ஆலன் கீக்கு வேலை அதிகம். 4, 5, 6 இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். மலிவான ஆலன் கீயின் முனை ஒரே மாதத்தில் உருண்டுவிடும், போல்ட்டின் குழியையும் சேர்த்து உருட்டிவிடும். இதில் காசு பார்க்காதீர்கள். ஸ்டார் திருப்புளியில் 2-ம் நம்பர் ஒன்று போதும்.

இனி போல்ட் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் சைக்கிளின் ஃபிரேமே அடிபட்டது.

கேரியரின் கால்களில் ஒன்றைப் பின்சக்கரத்துக்கு மேலே ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன போல்ட் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அன்று வேறொரு பக்கம் போயிருந்ததால் அங்கேயே ஒரு கடையில், "சைக்கிள் கேரியருக்குச் சின்ன போல்ட் ஒண்ணு" என்று கேட்டேன். ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். பார்வைக்கு அதே மாதிரிதான் இருந்தது. வீட்டில் மாட்டினால் இரண்டு சுற்று சுலபமாகப் போனது, அப்புறம் இறுகியது. உள்ளே துரு இருக்கும் என்று நினைத்து ஸ்பேனர் போட்டுத் திருகினேன். இன்னும் இரண்டு சுற்று. பிறகு திடீரென்று லேசாகிவிட்டது. அந்த லேசு வந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். ஃபிரேமில் இருந்த மரை வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

எனக்குக் கிடைத்தது 3/16 அங்குல போல்ட். சைக்கிளில் இருந்தது எம் 5, அதாவது 5 மில்லிமீட்டர் போல்ட். 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனால் மரை வேறு. விட்வொர்த் என்கிற அங்குலக் கணக்கு மரை போட்ட 3/16 போல்ட்டில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை. எம் 5-ல் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 0.8 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 32 வந்துவிடும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் அங்குலக் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கின்றன, 'சின்ன போல்ட்' என்று கேட்டால் எது கைக்கு வருகிறதோ அது வரும். கடைசியில் ஒரு லேத் பட்டறையில் அந்த ஓட்டையை 5 மில்லிமீட்டருக்குத் துளைத்து, எம் 6 மரை போட்டுக் கொடுத்தார்கள். இப்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் பெரிய போல்ட் இருக்கிறது.

அதிலிருந்து போல்ட் வாங்கப் போனால் அதே மாதிரி இன்னொன்றைச் சைக்கிளிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டுதான் போகிறேன். அந்த போல்ட்டில் பொருந்துகிற எம் 5 நட்டு ஒன்றையும் முதலில் வாங்கி, புது போல்ட்டில் அந்த நட்டை விரலாலேயே கடைசி வரை ஓட்டிப் பார்க்கிறேன். சைக்கிளில் மாட்டும்போதும் முதல் நாலு சுற்று விரலால்தான். விரல் நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

சென்னையின் கடல் காற்றுக்கு கேரியர், மட்கார்டு, தண்ணீர் பாட்டில் கூடு இவற்றுக்கெல்லாம் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு போல்ட்டே நல்லது. சாதாரண போல்ட் ஒரே மழைக்காலத்தில் பழுப்பேறிவிடும். நட்டு என்றால் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு கேளுங்கள், நம் சாலையின் குலுக்கலுக்கு அது கழலாது. ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் பிரேக்கின் போல்ட்டையும் பளபளப்புக்காக எஸ்.எஸ்.ஸுக்கு மாற்ற வேண்டாம். அங்கே போட்டிருப்பது பெரும்பாலும் அதைவிட உறுதியான எஃகு. உயிர் தொங்குகிற இடம்.

மறுபடியும் அந்தக் கரகர சத்தத்துக்கு வருகிறேன்.

ஹப்பைத் திறக்க கோன் ஸ்பேனர் வேண்டும். கோன் என்பது பால்ஸை உள்ளே அமுக்கிப் பிடித்திருக்கும் கூம்பு நட்டு, அது நகராமல் மேலே பூட்டுவது லாக் நட்டு. கோனுக்கும் லாக் நட்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் மிகக் குறுகல், சாதாரண ஸ்பேனரின் தடிப்பு அதற்குள் நுழையாது. கோன் ஸ்பேனர் ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. ஆனால் அங்கே கிடைத்த விலை குறைந்த 12-13 ஸ்பேனர் ஒன்றை வாங்கி, அதே லேத் பட்டறையில் 13 பக்கத்து வாயை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் தடிப்புக்கு கிரைண்டரில் தேய்த்துக் கொடுக்கச் சொன்னேன். சூடேறினால் எஃகின் உறுதி போய்விடும் என்று அடிக்கடி தண்ணீரில் முக்கி முக்கித் தேய்த்தார் அந்தத் தம்பி. என் முன்சக்கரத்துக் கோனில் அது அழகாகப் போய் உட்கார்ந்தது. மலிவான ஸ்பேனருக்கு நான் கண்ட ஒரே நல்ல உபயோகம் இது.

பழைய செய்தித்தாளை விரித்து, பக்கத்தில் எவர்சில்வர் டப்பா மூடி ஒன்றை வைத்துக்கொண்டு திறந்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் டீ டிகாக்ஷன் நிறத்தில் ஒரு கசிவு. அதற்குள் பால்ஸ். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குல அளவு. பின் ஹப் என்றால் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். கால் லிட்டர் டீசலை ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். திருப்பூர் பனியன் கழிவுத் துணி ஹார்டுவேர் கடைகளில் எடைக்குக் கிடைக்கிறது. ஒரு கிலோ வாங்கினால் வருடம் முழுக்க வரும், அடுப்படித் துணியில் கைவைக்க வேண்டியதில்லை.

துடைத்த பிறகு கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பால்ஸ் ஓடுகிற தடம் மெல்லிய வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. ஒரு இடத்தில் மட்டும் கடுகளவு கறுப்பு. நகத்தை வைத்து இழுத்தால் அந்த இடத்தில் தட்டியது. தட்டினால் கோனை மாற்ற வேண்டும். அந்தக் குழி தானாக ஆறாது, புது பால்ஸையும் சேர்த்துத் தின்றுவிடும். பழைய பால்ஸில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். தேய்ந்ததையும் புதியதையும் கலந்தால் அளவு சற்றே பெரிய இரண்டு மூன்று பால்ஸ் மட்டும் முழு பாரத்தையும் தாங்கும்.

கிரீஸ் எதுவும் விசேஷமாக வேண்டாம், மல்டிபர்ப்பஸ் கிரீஸ் என்று சின்ன டப்பாவில் வருவதே போதும். ஹப்பில் பால்ஸ் உட்காரும் கிண்ணமான கப்பில் கிரீஸைத் தடவி, அதில் பால்ஸை ஒவ்வொன்றாக விரல் நுனியால் பதித்தால் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு கோனை விரலால் இறுக்கி, ஒரு முடி அளவு பின்னால் திருப்பி, கோனை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டைப் பூட்ட வேண்டும். சரியாக வர எனக்கு ஐந்து தடவை ஆயிற்று. சரியாக வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? சக்கரத்தை மாட்டித் தூக்கிப் பிடித்து, வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி வைத்து விட்டுவிடுங்கள். வால்வின் சின்ன கனத்துக்கே சக்கரம் மெதுவாக இறங்கி, கீழே வந்து, தாண்டி, திரும்பி, ஊஞ்சல் மாதிரி ஆடி நிற்கும். அன்று இரவு எட்டு மணிக்கு அது ஆடி நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. சத்தமே இல்லை.

எண்ணெய் விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம். எங்கள் வீட்டில் செயினுக்குத் தேங்காய் எண்ணெய். அது நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் கோந்து மாதிரி ஆகி, தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீர் மாதிரி மெல்லிசாக இருக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரேயைத்தான் இப்போது பலரும் எல்லாவற்றுக்கும் அடிக்கிறார்கள். 1953-ல் ஏவுகணையின் மேற்பரப்பு துருப்பிடிக்காமலிருக்க, ஈரத்தை விரட்டுவதற்காகத் தயாரித்த கலவை அது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்த எண். இறுகிய நட்டில் அடித்து ஒரு இரவு விட, மழையில் நனைந்த செயினின் ஈரத்தை எடுக்க, அருமையான பொருள். அதையே செயினுக்கு எண்ணெயாக நம்பினால் சில நாளில் செயின் வறண்டு கத்தும். அதை அடித்த பிறகு எண்ணெய் விட்டே ஆக வேண்டும். 3-இன்-ஒன் எண்ணெய் 1894-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சைக்கிளுக்காகவே வந்த எண்ணெய். அது கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெயும் நடக்கும், மெல்லியது என்பதால் அடிக்கடி விட வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், மேலே தெரிந்தால் மண்தான் ஒட்டும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும், அங்குலம் போட்டது. செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். ஆகவே ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், 24 பின் தள்ளி இருப்பதன் நடு சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். 1/16 அங்குலம் தாண்டிவிட்டால் செயினை மாற்றுங்கள். 1/8 தாண்டிவிட்டால் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். சாதாரண சைக்கிளுக்கு 1/8 அங்குல அகலச் செயின், கியர் சைக்கிளின் செயின் அதைவிடக் குறுகல். வாங்கும்போது பழைய செயினைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

பஞ்சருக்கு சொல்யூஷன், உப்புத்தாள், பேட்ச். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஒன்றை மட்டும் சொல்கிறேன்: சொல்யூஷன் தடவிய உடனே பேட்சை ஒட்டாதீர்கள். விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். சீக்கிரம் ஒட்டும் என்று சூப்பர் க்ளூ போடுவதில் பிரயோஜனமில்லை. அது காய்ந்து கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், டியூபோ காற்று ஏற ஏற விரிகிற பொருள்.

பிரேக் கேபிளை வீட்டுப் பிளேயரால் வெட்டினால் இழைகள் பிரிந்து துடைப்பம் மாதிரி நிற்கும். வெட்டுகிற இடத்தில் இன்சுலேஷன் டேப் இறுக்கிச் சுற்றி, கூர்மையான கட்டரால் ஒரே அமுக்கில் வெட்டுங்கள். முனையில் ஒரு போக்ஸ் நிப்பிளை (போக்ஸ் கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் குட்டி நட்டு) செருகிப் பிளேயரால் நசுக்கிவிட்டால் அப்புறம் பிரியாது. கேபிளின் வெளி உறையை வெட்டிய இடத்தை அரம் கொண்டு சமமாக ராவிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது மென்மை தெரியும்.

நிப்பிள் சாவி, ஃப்ரீவீல் கழற்றுகிற கருவி, கோன், பால்ஸ் இவற்றுக்கு மட்டும் நான் சென்னையின் ரத்தன் பஜார் கடைகளுக்குப் போகிறேன். டியூப், டயரும் அங்கேதான். அதில் ஒரு எச்சரிக்கை: 26 அங்குலம் என்று மட்டும் சொல்லி டயர் வாங்காதீர்கள். 26 x 1 3/8 என்பதும் 26 x 1.75 என்பதும் வேறு வேறு ரிம்முக்கானவை, ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

சைக்கிளை நிறுத்தி வேலை செய்ய ஸ்டாண்டு ஒன்றும் வாங்கவில்லை. கூடத்தில் தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கி இருக்கிறது. அதில் தேங்காய் நார்க் கயிற்றைப் போட்டு சீட்டைக் கட்டித் தூக்கிவிட்டால் பின்சக்கரம் கண் உயரத்துக்கு வந்துவிடும்.

போன மாதம் அப்படித் தொங்கவிட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெண் வந்தாள். பதினொன்றாம் வகுப்பு, பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. இடது பெடல் ஆடுகிறது என்றாள். அவள் அண்ணன் கழற்றிப் பார்க்கிறேன் என்று இடப்பக்கமாகத் திருகித் திருகி இன்னும் இறுக்கியிருந்தான். இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ், மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். 15 ஸ்பேனரை அவள் கையில் கொடுத்து, வலப்பக்கமாகத் திருகச் சொன்னேன். தயங்கிவிட்டு அழுத்தினாள். கிரீச் என்று ஒரு சத்தம், கழன்றது. பெடலுக்குள் இருந்த கோனைச் சரிசெய்து, மரையில் கிரீஸ் தடவி, அவளே திரும்ப மாட்டினாள்.

"அங்கிள், சீட்டும் இறங்கிக்கிட்டே இருக்கு. அதுக்கு எந்த நம்பர்?"

14-15, 12-13 இரண்டையும் தரையில் வைத்தேன். "ரெண்டையும் வச்சு ஆட்டிப் பாரும்மா."

குனிந்து முதலில் 14-ஐ வைத்து ஆட்டினாள். ஆடியது. அதைக் கீழே வைத்துவிட்டு 13-ஐ எடுத்தாள்.